பிடுங்கிய பல் யாருக்குச் சொந்தம்

பல்லை எப்படிப் பிடுங்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. பல் மருத்துவம் படிக்க வந்த உங்களுக்கு அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; என்னைவிட நல்ல கை உள்ளவர்கள். பிடுங்கிய பல்லை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன். எனக்குப் பாடம் எடுத்த பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. பிடுங்கியதோடு பல்லின் கதை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழ் பேசும் எருத்தேன்பதியில் கதை அங்கேதான் தொடங்கியது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பள்ளிக்கூடத்திலேயே ஒரு அறையில் பல் ஆஸ்பத்திரி வைப்பது, அதை நடத்தப் பத்தாவது தேறிய பெண்களைப் பல் நர்சுகளாகப் பழக்குவது என்று ஒரு சோதனைத் திட்டம் வந்தது. பால் பல்லைப் பிடுங்கலாம், சொத்தையை அடைக்கலாம். அதற்கு மேல் என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்த டாக்டர் நான். பாலக்காட்டு டவுனில் கோவில் தெருவில் பிறந்து, வெளியூரில் படித்து, திரும்பி வந்து, பிறர் வாயைத் திறக்கச் சொல்லும் உத்தியோகத்தில் உட்கார்ந்தவன். என் தமிழைக் கேட்ட எருத்தேன்பதிக்காரர்கள் அதை மலையாளம் என்றார்கள். என் மலையாளத்தைக் கேட்ட மேலதிகாரி அதைத் தமிழ் என்றார். இரு தரப்புக்கும் சமமாக விளங்காதவன் என்ற தகுதியில்தான் எல்லைப் பகுதிப் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

என்னிடம் பழகிய பெண்களில் ஒருத்தி சரோஜா. மீனாட்சிபுரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பம். உதைக்கிற எருமையைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், உதைக்கிற குழந்தைகளைக் கண்டு அவள் கலங்கவில்லை. எருத்தேன்பதிப் பள்ளிக்கூடத்தை அவளிடம் ஒப்படைத்தோம். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. அங்கே அவள் நடத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் மீனாட்சிபுரத்திலும், மலையில் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்திலும் இதே மாதிரி அறை திறப்பதா, இல்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதா என்று மேலே முடிவு செய்வார்கள்.

மேலே என்றால் ஒரு மேலதிகாரி. நேர்மையான மனிதர். அதுதான் எங்கள் கஷ்டம். இதற்கு முன் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கோழி வளர்ப்புத் திட்டம். அதில் இல்லாத கோழிகளுக்கு வருஷக்கணக்கில் தீனி போட்டிருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுபிடித்தபோது, திட்டத்தில் இருந்த கோழிகளை எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து கண்ணால் பார்த்தால் மட்டுமே நம்புவது என்று வைத்துக்கொண்டார். எங்களுக்கும் அதன்படியே ஓர் உத்தரவு வந்தது: நர்சு பிடுங்கும் ஒவ்வொரு பல்லையும் கண்ணாடிப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வைக்க வேண்டும், அவர் வரும்போது காட்ட வேண்டும்.

உத்தரவைப் படித்துவிட்டு நல்ல யோசனை என்று பாராட்டினேன். மேலிருந்து வரும் யோசனைகளைப் பாராட்டுவது அப்போது என் வழக்கம். ஊறுகாய் போடுகிற மாதிரி அகன்ற வாயுள்ள பாட்டில் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் பார்த்து மகிழட்டும் என்று அதை ஜன்னலோரம் வைக்கச் சொன்னதும் நான்தான். பிள்ளைகள் பார்த்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்தால் அதைச் சாணியில் பொதிந்து, சொந்த வீட்டுக் கூரைமேல் எறிவார்கள். எறிந்தால்தான் புதுப் பல் முளைக்கும். இது எனக்குத் தெரியாதா? எங்கள் தெருவிலும் உண்டு. என் பற்களே அப்படிப் போனவைதான். ஆனால் படித்துப் பட்டம் வாங்கிய பிறகு, சின்ன வயதில் நமக்குத் தெரிந்திருந்ததெல்லாம் மற்றவர்களுக்கும் மறந்து போயிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

முதலில், பல் பிடுங்கும் நாளான வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் குறைந்தது. பிறகு நின்றே போனது. சரோஜா தினமும் கருவிகளைக் கொதிக்க வைத்து, துடைத்து, அடுக்கி, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போனாள். அந்தச் சமயத்தில்தான் மேலதிகாரி வரும் தேதி தெரிந்தது. அதே வாரம் ஈசுவரிக்குக் கன்னம் வீங்கியது.

ஈசுவரி இரண்டாம் வகுப்பு. கடலைக்காட்டுக்கு வேலைக்குப் போகும் மாராத்தாளின் மகள். கீழ்க் கடைவாய்ப் பால் பல் சொத்தையாகிச் சீழ் பிடித்துவிட்டது. நானும் சரோஜாவும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பாதி முகம் பூசணிப் பிஞ்சு போல இருந்தது. காய்ச்சல் வேறு. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. அது கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மருந்து மட்டும் போதாது, பல்லை எடுத்தாக வேண்டும். கார் கிடைத்து, சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ கொண்டுபோவதற்குள் என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு.

மாராத்தாள் வாசலை மறித்து நின்றாள்.

"மருந்து குடுங்க, வாங்கிக்கறேன். பல்லுல மட்டும் கை வெக்காதீங்க."

"ஏனம்மா?" என்றேன்.

"ஏனுங்களா? எம் மூத்தவன் நாச்சிமுத்துக்கு முன்னம்பல்லு ரெண்டு எடுத்தீங்க. இன்னும் மொளைக்கலீங். எப்புடிங்க மொளைக்கும்? நீங்க பாட்டலுக்குள்ள போட்டு மூடியத் திருகி வெச்சுட்டீங்க! அதுக்கு வழி வேண்டாமுங்களா?"

புதுப் பல் வருவதற்கு எத்தனை மாதம் ஆகும், எந்தப் பல்லுக்குப் பின் எந்தப் பல் என்று நான் விளக்கினேன். சுத்தமான விளக்கம். பரீட்சையில் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். அவள் சரோஜாவைப் பார்த்து, "இவரு என்னம்மிணி சொல்றாரு?" என்றாள்.

சரோஜா என் விளக்கத்தை மொழிபெயர்க்கவில்லை. "இவ பல்ல உங்க கையிலேயே குடுத்துட்டா எடுக்க உடுவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

மாராத்தாள் யோசித்தாள். "மொதல்ல எம் மூத்தவனோடதக் குடு. அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் காலை மாராத்தாள் மட்டும் வரவில்லை. பாட்டிலைத் திறக்கப்போகிறார்கள் என்று யார் சொன்னார்களோ, பல் கொடுத்த வீடுகள் எல்லாம் பள்ளிக்கூட வாசலில் நின்றன. முன்னால் ஆறுச்சாமி, தென்னையும் கடலையும் உள்ளவர், ஊரில் அவர் இருமினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் காலனிப் பெண்கள், கொஞ்சம் தள்ளி, வழக்கமாக நிற்கும் இடத்தில். மாராத்தாள் இடுப்பில் ஈசுவரி துவண்டு கிடந்தாள். அன்றைக்குத்தான் மேலதிகாரி வருகிறார். எந்த நேரமும் ஜீப் வரலாம்.

அறைக்குள் நானும் சரோஜாவும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு கைப்பிடிப் பற்கள், வெள்ளை வெளேரென்று, எல்லாம் அண்ணன் தம்பி போல.

இப்போது கவனியுங்கள், ஒரு பொறுப்பாளரின் புத்தி நெருக்கடியில் எப்படி வேலை செய்கிறது என்று. நான் குரலைத் தாழ்த்தி, "சரோஜா, முன்னம்பல்லா ரெண்டைப் பொறுக்கி அவகிட்ட கொடுத்துடு. பல்லுல பேரா எழுதியிருக்கு? மத்தவாளுக்கும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா சமாதானமாப் போயிடுவா" என்றேன். என்னளவில் அது ராஜதந்திரம்.

அவள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இன்னைக்குப் போயிருவாங்க சார். நாளைக்கு நான் 'வலிக்காது, வாயைத் தொற'ன்னு சொன்னா, எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போனாள். வாசலில் நின்று பாட்டிலை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாம் கலந்து போச்சுங்க. எது யாரு பல்லுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியும்னு சொன்னா அது பொய்யிங்க."

 ஆறுச்சாமி மெதுவாகக் கேட்டார்: "எல்லாரோடதையுமா ஒண்ணாப் போட்டு வெச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தாத வீடுகளின் பிள்ளைப் பற்கள், என் புண்ணியத்தில், பல வாரமாக ஒரே ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்திருக்கின்றன.

"யாரு பல்லோ எங்க ஊட்டுக் கூரைக்கு வர்றதாச்சே, அம்மிணி" என்றார் ஆறுச்சாமி.

பின்னாலிருந்து ஒரு காலனிப் பெண் குரல் விட்டாள்: "வந்தா ஓடு ஒடஞ்சிருமுங்களா? எங்களுக்கும் அந்தக் கவலைதானுங்க! உங்க ஊட்டுப் பல்லு எங்க ஓலைல வந்து உழுந்தா, அப்பறம் கூரையே உங்களுதும்பீங்க!"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் குரல் ஏறியது. மாராத்தாள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "அப்ப யாரு கூரைலதான் போடறது? எம் புள்ள இங்க அனலாக் கொதிக்கறா!" என்று கத்தினாள்.

சரோஜா தலையைத் தூக்கி, தான் நின்ற இடத்துக்கு மேலே பார்த்தாள். பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரை.

"இது யாரு ஊடுங்கக்கா?"

கூட்டமும் நிமிர்ந்து பார்த்தது. அது யார் வீடும் இல்லை.

"எல்லாப் பல்லையும் இதுமேல போட்டரலாங்க. எது யாருதா இருந்தாலும் எல்லாரோடதும் போய்ச் சேந்துருமில்லீங்களா?"

ஆறுச்சாமி மீசையைத் தடவினார். கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடியிருப்பார், கிடைக்கவில்லை போல. "அதென்னமோ சரிதான்" என்றார். தலைமையாசிரியர் மட்டும் அரசாங்கக் கட்டடம், பழுது, மேல்விசாரணை என்று முனகினார். பிறகு தமக்கு ஒன்றுமே தெரியாதபடி கொடிக்கம்பத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நிர்வாகத்தில் இப்படிச் சரியான பக்கம் திரும்பி நிற்கத் தெரிவது ஒரு கலை.

சாணிக்குப் பஞ்சமில்லாத ஊர். பிள்ளைகளே உருட்டினார்கள். "நீங்களே போடுங்க கண்ணுகளா, நான் கை கழுவி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சரோஜா ஈசுவரியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மாராத்தாள் மறிக்கவில்லை. ஆனால் பின்னாலேயே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். வாக்கு வாக்குதான்.

நான் ஊசி போட்டேன். மரத்துப்போகக் காத்திருந்தோம். வெளியே கூரைமேல் தொப் தொப்பென்று சத்தம். அதன் நடுவில் ஜீப் வந்து நிற்கும் சத்தம். கடைசியாக, ஜீப்பின் மேலேயே ஒரு தொப்.

"இதெந்தா? சாணகமோ?" என்று ஒரு கனத்த குரல்.

மேலதிகாரி உள்ளே நுழையும்போது சரோஜா பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேஜையைப் பார்த்தார். பிள்ளைகள் காலியாக்கிக் கொண்டுவந்து வைத்த பாட்டில் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்பிரிட் வாசனைகூட மிச்சம் இல்லை.

"பல்லெவிடே?" என்றார் என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். என் தொழிலில் இதை மற்றவர்களைச் செய்யச் சொல்லித்தான் பழக்கம்.

அந்த நேரத்தில் பல் வந்தது. ஈசுவரி ஒரே ஒரு முனகல். குறட்டின் நுனியில் கறுத்த சின்னப் பல். மேலதிகாரி நாற்காலிக்கு அந்தப் பக்கம் வந்து, பாட்டிலின் வாயைச் சரோஜாவை நோக்கி நீட்டினார். இந்தப் பக்கம் மாராத்தாளின் உள்ளங்கை. நடுவில் குறடு.

சரோஜா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தனியாகச் செய்ய வேண்டுமா, இல்லை நான் கூட இருக்கிறேனா என்பது மட்டும்தான் அந்தப் பார்வையில் இருந்த கேள்வி. நிரந்தரமாகாத வேலை அவளுடையது. எனக்கோ பென்ஷன் உள்ள உத்தியோகம்.

நான் தலையை ஆட்டினேன், மாராத்தாள் பக்கமாக. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தாயின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, பாட்டில் நடுங்கவில்லை. அதைப் பார்த்துக் கழுத்து தானாக ஆடியிருக்கும்.

பல் உள்ளங்கையில் விழுந்தது. மாராத்தாள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"அப்போள் தெளிவு?" என்றார் அதிகாரி. சாட்சி எங்கே என்று அர்த்தம். கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம் இருந்தது. கோழிக்காலத்து நினைவுகள் மறுபடி வந்திருக்கும்.

என் வாழ்நாளில் எனக்குச் சரியான நேரத்தில் வந்த யோசனைகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று அன்று வந்தது. "சார், கோழி செத்தால் அது இருந்த இடம் தெரியாது. பல் அப்படியில்லை. அது இருந்த இடம் அப்படியே இருக்கிறது. வந்து பாருங்கள்" என்றேன்.

வெளியே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் சிரிங்கோ" என்றேன். சாணிக் கையோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தனை ஓட்டை. மேலதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்தார். ஆறுச்சாமியின் பேரன் வாய், காலனிப் பிள்ளை வாய், ஒன்று விடவில்லை. நாச்சிமுத்துவின் முன் வந்ததும் நின்றார். விரலால் அவன் உதட்டைத் தூக்கினார். கடுகளவு முகம் மலர்ந்தது.

"இதா, வருந்நுண்டு" என்றார். இதோ, வருகிறதாம்.

ஈறில் வெள்ளையாக ஒரு நூல் விளிம்பு. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மாராத்தாள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ சாமி! கூரைல போட்ட சாணி இன்னும் காயல, அதுக்குள்ள மொளைச்சிருச்சே!"

கூட்டம் முழுக்க அந்த ஈறைப் பார்க்க முண்டியது. சரோஜா பொறுமையாக, "அது முன்னாலயே உள்ளார வந்திருக்குமுங்க. இன்னைக்கு மொளைச்சது இல்லீங்க" என்றாள். காலையில் அவள் கலந்து போச்சு என்று சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். இப்போது சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவள் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னாள். உண்மையைச் சொல்வது மட்டும் உங்கள் வேலை, பிள்ளைகளே. அது செல்லுபடியாகும் நாளும் உண்டு, ஆகாத நாளும் உண்டு. இரண்டு நாளும் சொல்லுங்கள்.

மேலதிகாரி ஜீப்பைத் துடைக்கச் சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் கொடுத்த டீயைக் குடித்தார். பிடுங்கிய பல்லைப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம், வாயைப் பார்த்தால் போதும் என்று பிறகு புது உத்தரவு வந்தது. சரோஜாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. மீனாட்சிபுரத்தில் அறை திறந்தோம், தேவிகுளத்திலும் திறந்தோம். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தகரக் கூரை. பல் விழுந்தால் டங்கென்று கேட்கும். அங்கிருந்த நர்சு, "சத்தம் வரலைன்னா பிள்ளைய இன்னொரு தடவை எறியச் சொல்றாவ சார்" என்று எழுதியிருந்தாள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஜீப் போனதும் கூட்டம் கலைந்தது. ஈசுவரியை நிழலில் பெஞ்சில் படுக்க வைத்திருந்தோம். சீழ் வடிந்துவிட்டதால் வலி விட்டிருந்தது. ஊசி மருந்தும் உள்ளே போயிருந்தது. நான் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த இறுக்கம் இல்லை. மாராத்தாள் பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, "வா கண்ணு, ஊட்டுக்குப் போய் நம்ம கூரைல போடலாம்" என்றாள். இந்தப் பல்தான் யாருடையது என்று தெரிந்த பல்லாயிற்றே.

ஈசுவரி பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் பேச முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். கையைத் தூக்கி, பள்ளிக்கூடத்துக் கூரையைக் காட்டினாள்.

"அது மத்தவங்களுக்குக் கண்ணு. அவுங்களுது கலந்து போச்சு."

ஈசுவரி கையை இறக்கவில்லை. அவள் வகுப்புப் பிள்ளைகளின் பற்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

மாராத்தாள் கூரையைப் பார்த்தாள். ஓடெங்கும் சாணி உருண்டைகள். சற்றுத் தள்ளி, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த காலனிப் பிள்ளைகளையும் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சரோஜா என் பக்கம் திரும்பாமலே, "சார், இது நம்ம வேலை இல்லைங்க" என்றாள், மெல்ல.

கொஞ்ச நேரம் கழித்து மாராத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பல்லைச் சாணியில் பொதிந்து மகள் கையில் வைத்தாள். ஈசுவரி எழுந்து நின்று எறிந்தாள். காய்ச்சல்காரக் கை, உருண்டை இறவாரத்தைக்கூடத் தொடாமல் கீழே விழுந்தது. மாராத்தாள் அதை எடுத்தாள். கடலைக்காட்டில் கிளி விரட்டிப் பழகிய கை. ஒரு வீச்சு. உருண்டை ஓடுகளுக்கு மேலே போய் முகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் போன பற்களில் அதுதான் மிக உயரம்.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தவள், நின்று திரும்பினாள்.

"ஏனம்மிணி, எனக்கே பின்னால ஒண்ணு ராத்திரியெல்லாம் குத்துது. பெரியவங்க வந்தா பாப்பியா?"